இன்பத்தின் காரணம்: ஒரு வினாவின் வரலாறு

பசித்தவனுக்குச் சோறு இனிக்கிறது. தாகமுற்றவனுக்குத் தண்ணீர் இனிக்கிறது. இவற்றின் காரணத்தை ஆராய்ந்து எவரும் மயங்குவதில்லை. உண்ணாதவன் மெலிவான், பருகாதவன் மாள்வான், ஆதலின் உடலைக் காக்கும் செயல்களோடு இன்பமும் பிணைக்கப்பட்டுள்ளது என்று சிறுவரும் சொல்லிவிடுவர். ஆனால் ஆணும் பெண்ணும் கூடும் கூட்டத்தில் இன்பம் பிறப்பது ஏன் என்ற வினா அத்துணை எளிதன்று. கலவி இன்மையால் ஒருவர் இறந்துவிடுவதில்லை. துறவு பூண்டோர் பலர் முதுமைவரை வாழ்ந்திருக்கின்றனர். தனியுயிர் பிழைத்திருப்பதற்கு இன்றியமையாததல்லாத ஒரு செயலிலே இயற்கை இத்துணைப் பெரிய இன்பத்தை ஏன் வைத்தது?

இவ்வினா அறிஞர்தம் ஏடுகளோடு நின்றுவிடவில்லை. அதற்குக் கூறப்பட்ட விடைகள் மருத்துவ நூல்களிற் புகுந்தன. அங்கிருந்து நீதிமன்றங்களிற் புகுந்தன. குற்றமற்ற பெண்களின் வாக்கைப் பொய்யென ஒதுக்கவும் துணைநின்றன. ஆதலின் இதன் வரலாற்றை அறிவது பயனற்ற ஆர்வத்தின்பாற் படுவதன்று.

உண்மையில் ஈண்டு இரு வினாக்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. இன்பம் எதன்பொருட்டு உண்டாயிற்று என்பது ஒன்று. அஃது உடலில் எவ்வாறு நிகழ்கின்றது என்பது மற்றொன்று. உயிரியலில் இவ்விருவகைக் காரணங்களையும் பிரித்தறிதல் வேண்டும் என்பதை ஏணஸ்ற் மயர் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையிலே தெளிவாக வற்புறுத்தினார். அப்பிரிப்பைப் பேணாத காலங்களில் விளைந்த குழப்பம் பெரிது.

பண்டைக் கிரேக்கரிடமிருந்தே வரலாற்றைத் தொடங்கலாம். இப்போக்கிறாத்தீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள், கருவுண்டாவதற்கு ஆணும் பெண்ணும் ஆகிய இருவருமே வித்தினை வழங்குகின்றனர் என்று கூறின. உடலிலுள்ள நீர்மங்கள் சூடேறிக் கலங்குவதாலேயே இன்பம் பிறக்கிறது என்பது அந்நூல்களின் கருத்து. அரிஸ்தோத்தில் இதனை ஏற்றாரில்லர். பெண் தருவது கருவுக்கான பொருளை மட்டுமே; உருவத்தைத் தருவது ஆணின் விந்து என்று அவர் எண்ணினார். அவருடைய கொள்கையிற் பிழை உண்டு. எனினும் ஒரு செய்தியை அவர் நேரிற் கண்டு கூறினார்: இன்பம் சிறிதும் அடையாத பெண்களும் கருவுறுகின்றனர் என்பதே அது. பின்வந்தோர் அவருடைய பிழையைப் போற்றிய அளவுக்கு இவ்வுண்மையைப் போற்றவில்லை.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் மருத்துவரே இன்பத்துக்கு ஒரு முழுமையான விளக்கத்தை முதன்முதல் வகுத்தவர் எனலாம். உடலுறுப்புக்களின் பயனைப் பற்றி அவர் இயற்றிய பெருநூலின் பதினான்காம் பகுதி இதனை ஆராய்கின்றது. உயிர்கள் யாவும் அழியுந் தன்மையன. ஆயினும் இனம் அழியாதிருத்தல் வேண்டும். இதற்காக இயற்கை இனப்பெருக்க உறுப்புக்களை அமைத்தது. அவற்றைப் பயன்படுத்துவதில் வியத்தகு இன்பத்தையும் சேர்த்தது. அறிவற்ற விலங்கும், முதிராத இளையோரும், பேதையரும் இனத்தைக் காக்கவேண்டும் என்று எண்ணிச் செயற்படார். இன்பத்தால் உந்தப்பட்டேனும் அச்செயலைச் செய்வர் என்பது அவருடைய வாதம். இன்றைய உயிரியலும் இக்கருத்தின் சாரத்தை மறுக்கவில்லை.

ஆனால் கலென் இதனோடு நிற்கவில்லை. பெண்ணுக்கும் வித்து உண்டு. அது வெளிப்படும்போதே அவளுக்கு இன்பம் தோன்றும் என்ற பழங்கொள்கையையும் அவர் வலியுறுத்தினார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கியோர், இன்பமில்லையேல் பெண்ணின் வித்து வெளிப்படாது, வித்து வெளிப்படாவிடின் கருவும் உண்டாகாது என்ற முடிவுக்கு வந்தனர். கலெனின் மருத்துவம் அரபு மொழி வாயிலாக வளர்ந்து, பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனாவின் பெருநூலில் இடம்பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் இக்கருத்துக்கள் பரவின.

மருத்துவர் கூறியதைச் சட்டவறிஞர் தமக்கேற்ப எடுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1290ஆம் ஆண்டளவில் தோன்றிய பிரிற்றன் என்னும் சட்டநூல், வன்புணர்ச்சிக் குற்றம் சாட்டப்பட்டவன் கூறத்தக்க எதிர்வாதம் ஒன்றைக் குறிப்பிடுகின்றது. முறையிட்ட பெண் அச்செயலாற் கருவுற்றிருப்பாளாயின், அவள் இசைந்தே இருத்தல் வேண்டும். இசைவின்றி எப்பெண்ணும் கருவுறாள் என்பதே அவ்வாதம். 1618ஆம் ஆண்டில் மைக்கல் டால்ற்றன் என்பார் சமாதான நீதிபதிகளுக்கென வெளியிட்ட கைந்நூலும் இதனைத் திரும்பக் கூறிற்று. பதினேழாம் நூற்றாண்டிற் புகழ்பெற்று விளங்கிய நீதியரசர் மத்தியூ ஹேல் இஃது சட்டமாகாது என ஐயுற்றார். அவ்வாறு இருந்தும் 1788ஆம் ஆண்டிலே சாமுவேல் ஃபார் என்னும் மருத்துவர் எழுதிய சட்டமருத்துவ நூல் அப்பழங்கொள்கையையே மீண்டும் நிலைநாட்ட முயன்றது. பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையின் விளைவே அவளுக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்பட்ட விந்தை ஐந்நூறு ஆண்டுகள் நிலவிற்று. ஆராயப்படாத ஒரு விஞ்ஞானக் கருத்து மக்கள் வாழ்விற் செய்யக்கூடிய தீங்குக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

உண்மையை அறியும் முயற்சியும் அக்காலத்திலேயே தொடங்கியிருந்தது. ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ற் நகரத்து மருத்துவரான றெய்னியர் டி கிறாஃப், 1672ஆம் ஆண்டில் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சூலகத்திலுள்ள நுண்பைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பெண்குறிக்காம்பு எனப்படும் உணர்ச்சிமிக்க உறுப்பின் அமைப்பையும் அவர் விரிவாக எழுதினார். அவ்வுறுப்புக்கு அத்துணைக் கூரிய உணர்ச்சி அமையாதிருப்பின், ஒன்பது திங்கட் சுமையையும் மகப்பேற்றின் இடரையும் ஏற்கப் பெண்கள் முன்வாரார் என்பது அவருடைய எண்ணம். இதிற் கலெனின் குரல் ஒலிக்கிறது. எனினும் கத்தியும் கண்ணுங் கொண்டு கண்டறிந்த உண்மைகள் அதனருகே நிற்கின்றன. அவ்வறிஞர் அடுத்த ஆண்டே தம் முப்பத்திரண்டாம் வயதில் இறந்துபட்டார்.

இன்பத்துக்கும் கருவுறுதலுக்கும் உள்ளதாகக் கருதப்பட்ட பிணைப்பைச் சோதனை வாயிலாக அறுத்தவர் இத்தாலியில் வாழ்ந்த இலாசரோ ஸ்பலான்சானி ஆவார். இவர் கிறித்தவ குருவானவர். பவியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பெட்டை நாய் ஒன்றைத் தனியே அடைத்துவைத்து, ஆண் நாயின் விந்தைப் பீச்சாங்குழல் மூலம் அதன் கருப்பையிற் செலுத்தினார். அறுபத்திரண்டு நாட்களின் பின் அது மூன்று குட்டிகளை ஈன்றது. கூட்டமும் இல்லை, வேட்கையும் இல்லை. கரு மட்டும் உண்டாயிற்று. 1780களில் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட இச்சோதனை, கலெனின் மாணாக்கர் கொண்ட முடிவைத் தகர்த்தெறிந்தது. 1827ஆம் ஆண்டிலே காள் ஏணஸ்ற் வொன் பேயர் நாயின் சூலை நுணுக்குக்காட்டியிற் கண்டறிந்தார். 1840களிலே பிஷொவ் என்னும் ஜேர்மானியர், நாய்களில் கூட்டமின்றியே சூல் வெளிப்படுவதை மெய்ப்பித்தார். 1920களில் ஜப்பானில் ஓகினோவும் ஒஸ்திரியாவில் கினௌசும் மானிடப் பெண்ணின் சூல் மாதச் சுழற்சிக்கு இணங்கவே வெளிப்படுகின்றது எனத் தனித்தனியே காட்டினர்.

பிழை ஒன்று நீங்கியதும் நீதி வந்துசேர்ந்ததோ எனின், இல்லை. கருவுறுதற்குப் பெண்ணின் இன்பம் வேண்டுவதில்லை என்று அறிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு, பெண்ணுக்கு இன்பமே இல்லை என்று சொல்லத் தலைப்பட்டது. 1857ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்து பல பதிப்புக்களைக் கண்ட வில்லியம் அக்ரன் என்னும் ஆங்கில மருத்துவரின் நூல், பெரும்பாலான பெண்கள் அத்தகைய உணர்ச்சியால் அலைக்கழிக்கப்படுவதில்லை எனக் கூறிற்று. முன்னைய நூற்றாண்டுகள் இன்பத்தைப் பெண்மேற் சுமத்தி அவளைக் குற்றவாளியாக்கின. இந்நூற்றாண்டு அதனை அவளிடமிருந்து பறித்து அவளை மரப்பாவையாக்கிற்று. இரு காலத்தும் அவளைக் கேட்டறிந்தார் எவருமிலர்.

இதற்கிடையே, இன்பம் எதன்பொருட்டு என்ற வினா புதுவழியிற் சென்றது. 1859ஆம் ஆண்டிலும் 1871ஆம் ஆண்டிலும் சாள்ஸ் டார்வின் வெளியிட்ட நூல்கள் கூர்ப்புக் கொள்கையை நிலைநாட்டின. இயற்கை முன்னறிந்து திட்டமிடுகிறது என்று இனிச் சொல்லவேண்டியதில்லை. கூடலை நாடிய உயிர்கள் வழித்தோன்றல்களை விட்டுச்சென்றன, நாடாதவை விட்டுச்செல்லவில்லை. அந்நாட்டத்தைத் தூண்டிய உடலமைப்பே தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்து வந்துள்ளது. விலங்குக்குக் குட்டியைப் பற்றிய எண்ணம் கிடையாது; அறிவு செய்யவேண்டிய வேலையை ஈண்டு இன்பம் செய்கிறது.

பெண்ணின் இன்பத்துக்குக் கூர்ப்பியல் காரணம் யாதென்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எலிசபெத் லொயிட் என்னும் ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் எழுதிய நூலில், அதுவரை கூறப்பட்ட பல விளக்கங்களுக்குப் போதிய சான்று இல்லை எனக் காட்டினார். ஆண் பெண் கருக்கள் தொடக்கத்தில் ஒரே அமைப்பிலிருந்து வளர்வதால், ஆணுக்குப் பயன்படும் உணர்ச்சி பெண்ணிலும் அமைகின்றது என்பதே சான்றுகளோடு பொருந்தும் என்றார். வேறொரு கருத்து முயலிலிருந்து பிறந்தது. முயலிற் கூட்டத்தின் தூண்டுதலாலேயே சூல் வெளிப்படுகின்றது என்பதை 1905ஆம் ஆண்டில் வால்ற்றர் ஹீப் காட்டியிருந்தார். பூனையும் அத்தகையதே. மானிடரின் தொல்மூதாதையராகிய முலையூட்டிகளிலும் இத்தகைய அமைப்பே இருந்திருத்தல் வேண்டும். சூல் மாதந்தோறும் தானே வெளிப்படத் தொடங்கிய பின்னர்ப் பழைய தொழில் மறைந்து உணர்ச்சி மட்டும் எஞ்சிற்று என்று பவ்லிசேவும் வாக்னரும் 2016ஆம் ஆண்டிற் கூறினர். மனிதரில் உச்ச இன்பத்தைத் தடுக்கும் மருந்தொன்றை முயல்களுக்குக் கொடுத்தபோது, வெளிப்பட்ட சூல்களின் எண்ணிக்கை நூற்றுக்கு முப்பதளவு குறைந்ததை 2019ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். இக்கருத்து உறுதிப்படுமாயின், கலென் கூறியதில் முயலுக்குரிய உண்மை ஒன்று மறைந்திருந்தது எனலாம். மானிடப் பெண்ணுக்கு அது பொருந்தாது.

இனி, இன்பம் எவ்வாறு நிகழ்கின்றது என்ற மற்ற வினாவை நோக்குவோம். 1860களில் வில்கெல்ம் கிறவுசே என்னும் ஜேர்மானிய உடலமைப்பியலாளர், இனப்பெருக்க உறுப்புக்களின் தோலிலே குமிழ் வடிவான நரம்பு முனைகளைக் கண்டார். அவை தொழிற்படும் முறை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவாகவில்லை. 2024ஆம் ஆண்டிலேயே ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் சுண்டெலிகளில் அதனைத் துலக்கினர். மெல்லிய தொடுகைக்கும், செக்கனுக்கு நாற்பது முதல் எண்பது வரையான அதிர்வுகளுக்கும் அம்முனைகள் விடைகொடுக்கின்றன. அவற்றை நீக்கிய எலிகள் கூடலில் நாட்டங் குறைந்து காணப்பட்டன. பெண்ணெலியில் இம்முனைகள் ஆணெலியினும் பன்மடங்கு நெருங்கி அமைந்திருந்தமை குறிப்பிடத்தக்கது. பெண்குறிக்காம்பின் முழு அமைப்பையும் அவுஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகொனெல் 1998ஆம் ஆண்டிலே வெளியிட்டபோது, அக்கால மருத்துவ நூல்களின் வருணனை எத்துணைக் குறைபாடுடையது என்பது வெளிப்பட்டது. டி கிறாஃப் எழுதி முந்நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அறியாமையைவிட நாணமே இவ்வாராய்ச்சியை நெடுங்காலம் தாமதப்படுத்திற்று என்று கூறுதல் தவறாகாது.

தோலிற் பிறந்த செய்தி முண்ணாண் வழியே மூளையை அடைகின்றது. மூளையில் அது எவ்வாறு இன்பமாகின்றது? 1954ஆம் ஆண்டிற் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலியின் மூளையிற் செலுத்திய மின்வாய் ஒன்று, கருதிய இடந் தவறி வேறிடத்திற் பதிந்தது. அவ்விடத்தில் மென்மின்னோட்டம் பாய்ந்தபோதெல்லாம் அதனைப் பெற்ற மூலைக்கே அவ்வெலி திரும்பத் திரும்ப வந்தது. தானே மின்னோட்டத்தை வருவித்துக்கொள்ளும் நெம்புகோலை அமைத்துக் கொடுத்தபோது, எலிகள் மணித்தியாலத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அதனை அழுத்தின; பின்வந்த சோதனைகளில் உணவையும் மறந்து அழுத்தின. மூளையில் இன்ப மையம் கண்டுபிடிக்கப்பட்டது என உலகம் வியந்தது.

1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அர்விட் கார்ள்சன், டோபமீன் என்னும் பொருள் மூளையிற் செய்தி கடத்தும் தொழிலைத் தானே புரிகின்றது எனக் கண்டறிந்தார். 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். டோபமீனே இன்பம் என்று பலர் கருதினர். ஆனால் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ற் பெறிட்ஜும் அவருடன் ஆய்ந்தோரும் 1980களின் இறுதியிலிருந்து வேறொன்றைக் கண்டனர். டோபமீன் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிச் செல்லா. எனினும் நாவிற் சர்க்கரையை இட்டால் முன்போலவே சுவைத்தன. ஆகவே வேட்டல் வேறு, இன்புறல் வேறு. டோபமீன் வேட்கையைத் தூண்டுவது. இன்புறலோடு நெருங்கிய தொடர்புடையவை, 1975ஆம் ஆண்டில் அபர்டீன் நகரில் ஹியூசும் கொஸ்ரலிற்சும் கண்டுபிடித்த, மூளை தானே ஆக்கும் அபினொத்த பொருள்கள் முதலியன. ஓல்ட்சின் எலிகள் இன்பத்தில் திளைத்தன என்பதிலும், தணியாத வேட்கையால் துரத்தப்பட்டன என்பதே பொருத்தமாயிருக்கலாம். விரும்பியது கிட்டியும் மனநிறைவு பெறாது மேலும் மேலும் நாடும் போதைப்பழக்கத்தின் இயல்பும் இதனால் விளங்குகின்றது.

கூடலின் உச்சத்தில் மூளையின் டோபமீன் சுரக்கும் பகுதி தொழிற்படுவதை 2003ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர் படமெடுத்துக் காட்டினர். ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் அவ்வேளை இரத்தத்தில் உயர்வது 1987ஆம் ஆண்டிலேயே அளந்தறியப்பட்டிருந்தது. இந்த ஓமோனின் தொழிலை, மகப்பேற்றில் கருப்பையைச் சுருங்கச் செய்வதாகவே 1906ஆம் ஆண்டில் ஹென்றி டேல் முதலில் அறிந்தார். தாயையும் சேயையும் பிணைப்பதில் அதற்குப் பங்குண்டு. கூடிய இருவரைப் பிணைப்பதிலும் பங்குண்டு எனப் புல்வெளி எலிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் உணர்த்தின. ஆயினும், அவ்வோமோனை ஏற்கும் அமைப்பு நீக்கப்பட்ட எலிகளும் துணையோடு பிணைப்புக் கொண்டதை 2023ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. அன்பை ஒரு துளி நீர்மத்தில் அடக்கிவிட முடியாது என்பதை விஞ்ஞானமே உணர்த்துகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆராய்ந்து மாஸ்ரர்சும் ஜோன்சனும் 1966ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். ஆண் பெண் இருபாலாரின் உடலும் பெரிதும் ஒத்த வகையிலேயே இன்பத்தை அடைகின்றது என அது காட்டிற்று. அக்ரன் போன்றோர் உரைத்தவை அத்துடன் அடிப்படை இழந்தன. பின்வந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் வலியுறுத்தின. உடல், தொடுகைக்குத் தானாகவே விடைகொடுக்கக்கூடும். அச்சத்தினிடையிலும் அங்ஙனம் நிகழக்கூடும். அது விருப்பத்தின் அடையாளமன்று. இசைவின் அடையாளமும் அன்று. கண்ணில் தூசு விழுந்தால் நீர் பெருகுவதை அழுகை என்று எவரும் கூறார்.

இவ்வளவும் அறியப்பட்ட பின்னரும் பழம்பிழை மாளவில்லை. 2012ஆம் ஆண்டில் அதே மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர், மெய்யான வன்புணர்ச்சி நிகழுமாயின் கருவுறாது தடுக்கும் வழி பெண்ணின் உடலுக்கு உண்டு என்று கூறினார். அந்நாட்டு மகப்பேற்று மருத்துவர் கல்லூரி உடனே மறுத்துரைத்தது. இனப்பெருக்கப் பருவத்துப் பெண்களுக்கு இழைக்கப்படும் வன்புணர்ச்சிகளில் நூற்றுக்கு ஐந்தளவில் கரு உண்டாகின்றது என்று 1996ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு கணித்திருந்தது. பிரிற்றன் என்னும் சட்டநூல் எழுதப்பட்டு ஏழு நூற்றாண்டுகள் சென்றும், ஸ்பலான்சானியின் சோதனை நிகழ்ந்து இரு நூற்றாண்டுகள் சென்றும், கற்றறிந்தோர் மன்றிலே அக்குரல் மீண்டும் எழுந்தது.

கூடலில் இன்பம் இருப்பது இனம் தழைப்பதற்கு உதவிற்று என்பதில் ஐயமில்லை. அவ்வின்பம் தோலில் தொடங்கி, முண்ணாண் வழியே ஏறி, மூளையில் வேட்கையாகவும் நிறைவாகவும் பிணைப்பாகவும் மலர்கின்றது என்பதும் பெரும்பாலும் புலனாகியுள்ளது. இவ்வறிவை இளையோருக்கு உரிய பருவத்தில், உரிய சொற்களிற் கற்பிக்கப் பெற்றோரும் ஆசிரியரும் கூசுவாராயின், அவ்வெற்றிடத்தை வதந்தியும் பழம்பிழையும் நிரப்பும். ஒருவரின் விருப்பத்தை அறிய அவரைக் கேட்டலே வழி. அவர் உடலைக் கொண்டு ஊகித்தல் வழியன்று. இரண்டாயிரம் ஆண்டு ஆராய்ச்சியிலிருந்து அவ்விளையோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே.